எண்ணெயும் கூட வருகிறதா? வீட்டில் காந்தத் திரவம் செய்வதற்குப் பின்னால் இருக்கும் அறிவியல்

வெள்ளைப் பீங்கான் தட்டில் கொஞ்சம் சமையல் எண்ணெய் ஊற்றி, அதில் லேசர் பிரிண்டரின் கறுப்பு டோனரை ஒரு தேக்கரண்டி கொட்டிக் குச்சியால் கலக்குங்கள். மை மாதிரி ஒரு குழம்பு கிடைக்கும். தட்டுக்கு அடியில் வலுவான காந்தத்தைக் கொண்டுபோனால் குழம்பு நடுவில் திரண்டு மேடாக எழும். மேட்டின் மேல் சின்னச் சின்ன முடிகள் சிலிர்த்து நிற்கும். காந்தத்தை நகர்த்தினால் மேடும் பின்னாலேயே ஊர்ந்து வரும். பார்க்கிறவர் எவரும் "அட!" என்பார். அந்த "அட" வந்ததும் பெரும்பாலானவர்கள் கைபேசியில் ஒரு காணொளி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் வேறொன்று கண்ணில் படும். மேட்டைச் சுற்றி எண்ணெய் மட்டும் மெல்லிய வளையமாகக் கசிந்து நிற்கும். முதலில் அழுக்காக இருக்கும் அந்த வளையம் போகப்போகத் தெளிந்து, தட்டின் வெள்ளை தெரிய ஆரம்பிக்கும். காந்தம் பொடியை இழுத்துக்கொண்டது, எண்ணெயை அம்போவென்று விட்டுவிட்டது. இழுபட்டது திரவம் இல்லை, திரவத்துக்குள் கிடந்த பொடி.

ஆகவே காந்தத் திரவம் செய்ய ஆசைப்படுகிறவர் "காந்தத்துக்கு வருகிறதா?" என்று கேட்டால் போதாது. இரும்புத்தூள் கலந்த சேறுகூட வரும். "எண்ணெயும் கூட வருகிறதா?" என்று கேட்க வேண்டும். ஃபெர்ரோஃப்ளூயிட் எனப்படும் அசல் காந்தத் திரவத்தில் அது வரும். காந்தத்தை எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் பொடி வேறு, எண்ணெய் வேறு என்று பிரியாது. வீட்டில் செய்து பார்க்கும் சோதனைகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியில்தான் தோற்கின்றன. தோற்பதில் தவறில்லை. ஏன் தோற்கிறது என்று தெரிந்துகொண்டு தோற்றால் இன்னும் நல்லது.

உருக்கினால் ஆகாது

இரும்பை உருக்கினாலே காந்தத் திரவம் கிடைத்துவிடாதா என்று தோன்றும். கிடைக்காது. இரும்பு உருகுவது 1538 டிகிரி செல்சியஸில். அதற்கு வெகு முன்பே, 770 டிகிரியில், காந்தத்தோடு ஒட்டும் குணம் அதைவிட்டுப் போய்விடுகிறது. உள்ளே ஒரே திசையில் வரிசைகட்டி நிற்கும் அணுக்காந்தங்கள் சூட்டில் கலைந்து தாறுமாறாகத் திரும்பிக்கொள்கின்றன. அந்த எல்லைக்குக் கியூரி வெப்பநிலை என்று பெயர். காந்தத் திரவத்துக்கு மூலப்பொருளான மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடுக்கு அந்த எல்லை சுமார் 585 டிகிரி. அதுவும் உருகுவதற்கு முன்பே காந்தத்தன்மையை இழந்துவிடும்.

காந்தம் இழுக்கிற திரவம் இயற்கையிலேயே இல்லாமலில்லை. மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் திரவ ஆக்சிஜனை வலுவான காந்த முனைகளுக்கு நடுவே ஊற்றினால் இடைவெளியில் தொங்கி நிற்கும். அதை வீட்டில் செய்து பார்க்கும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அறை வெப்பநிலையில் வேண்டுமென்றால் திடமான காந்தத் துகளைத் திரவத்துக்குள் மிதக்கவிட்டு, அது மிதக்கிறது என்பதே தெரியாத அளவுக்குப் பொடியாக்குவதுதான் வழி.

அந்த வழி ராக்கெட்டுக்காகத் தோன்றியது. எடையற்ற நிலையில் எரிபொருள் தொட்டிக்குள் கண்டபடி மிதக்கும். பம்பின் வாய்க்கு அது வந்து சேர வேண்டும். எரிபொருளையே காந்தம் இழுக்கிற மாதிரி செய்துவிட்டால் என்ன என்று யோசித்தவர் நாசாவின் லூயிஸ் ஆய்வு மையத்தில் இருந்த ஸ்டீவ் பாப்பெல். மேக்னடைட் தூளையும் மண்ணெண்ணெய் போன்ற ஒரு திரவத்தையும் ஒலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தையும் உருளைக்குள் எஃகுக் குண்டுகளோடு போட்டு நாள்கணக்கில் சுழற்றி அரைத்தார். 1963-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1965-இல் அவருக்குக் கிடைத்தது. ராக்கெட் எரிபொருளாக அது ஓடவில்லை, திரவம் மட்டும் தங்கிவிட்டது. ரொனால்ட் ரோசன்ஸ்வைக் அதன் இயற்பியலை விரிவாக ஆராய்ந்து, 1968-இல் கூட்டாளி ஒருவரோடு ஒரு நிறுவனமே தொடங்கினார். காந்தத்தைக் கண்டதும் இந்தத் திரவத்தின் மேல் எழும் முட்களைப் பற்றி இன்று யார் பேசினாலும் அவர் பெயர் வந்தே தீரும்.

ஏன் அவ்வளவு பொடியாக?

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், பரவாயில்லை.

திரவத்தின் மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை. தமக்குள் கிடக்கும் துகளை எல்லாப் பக்கமும் மோதிக்கொண்டே இருக்கின்றன. அந்த மோதலில் துகள் தள்ளாடுவதே பிரௌனியன் இயக்கம். ஒரு துகள் கீழே படிவதற்கும் மிதப்பதற்கும் இடையிலான சண்டையில் ஒரு பக்கம் புவியீர்ப்பு, மறுபக்கம் இந்தத் தள்ளாட்டம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாக வெட்டினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். 10 நானோமீட்டர் விட்டமுள்ள மேக்னடைட் துகளை மண்ணெண்ணெய்க்குள் 10 செ.மீ. உயரத்துக்குத் தூக்கத் தேவையான ஆற்றல், அறை வெப்பநிலையில் ஒரு மூலக்கூறு சராசரியாகக் கொடுக்கும் உதையில் ஏறத்தாழ பாதிதான். அதாவது சூடே அந்தத் துகளைத் தூக்கிப் போட்டு விளையாடும். அதே துகள் 1 மைக்ரான், அதாவது 1000 நானோமீட்டர், அளவில் இருந்தால் கன அளவு 10 லட்சம் மடங்கு கூடிவிடும். தள்ளாட்டத்தின் பாச்சா அதனிடம் பலிக்காது.

வேகமாகப் பார்த்தாலும் இதே கதைதான். பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள இரும்புத்தூள் சமையல் எண்ணெயில் 1 செ.மீ. இறங்கக் கால் நிமிடம்கூட எடுக்காது. 10 நானோமீட்டர் மேக்னடைட், மோதல்கள் எதுவும் இல்லையென்றே வைத்துக்கொண்டாலும், மண்ணெண்ணெயில் அதே 1 செ.மீ. இறங்க 2 ஆண்டுக்கு மேல் ஆகும். டோனர் துகள் 5 முதல் 10 மைக்ரான் வரை இருக்கும். பத்து மைக்ரான் துகளுக்குள் 10 நானோமீட்டர் துகள்களின் கன அளவு 100 கோடி தடவை அடங்கும். எவ்வளவு நேரம் கலக்கினாலும், எந்த எண்ணெயை மாற்றினாலும், டோனர் ஃபெர்ரோஃப்ளூயிட் ஆகாததற்கு இந்த ஒரு எண் போதும்.

பொடியாக இருந்தால் மட்டும் போதாது. துகள்கள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால், மிக நெருங்கிய பொருள்களுக்கு இடையே இயல்பாகவே தோன்றும் வாண்டர்வால்ஸ் விசை என்ற ஈர்ப்பு பிடித்துக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. காந்த ஈர்ப்பும் கூடச் சேர்ந்துகொள்ளும். இரண்டு துகள்கள் நான்காகி, நான்கு நாற்பதாகி, கடைசியில் மீண்டும் மைக்ரான் அளவுக் கட்டிகள்தான் மிஞ்சும். இதைத் தடுக்க ஒவ்வொரு துகளுக்கும் ஒரு மேலாடை வேண்டும். ஒலியிக் அமிலம் அந்த வேலையைச் செய்கிறது. அதன் தலை இரும்பு ஆக்சைடோடு ஒட்டும், 18 கார்பன் கொண்ட வால் எண்ணெய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஆடையின் தடிமன் 2 நானோமீட்டர்தான். ஆனாலும் இரண்டு துகள்கள் நெருங்கும்போது வால்கள் மோதி, "இதற்கு மேல் வராதே" என்று தள்ளிவிடும். வாலின் நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பும் அதனால் ஒரு வளைவும் உண்டு. வளைந்த வால்கள் நெருக்கமாக அடுக்கி உறையாமல் தளர்வாகவே நிற்கின்றன. அதே 18 கார்பன் கொண்ட, வளைவில்லாத ஸ்டியரிக் அமிலம் இந்த இடத்தில் சொதப்புகிறது.

ஆலிவ் எண்ணெயில் ஒலியிக் அமிலம்தானே அதிகம், அதையே ஊற்றினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் எண்ணெயில் மூன்று அமில வால்களின் தலைகளும் கிளிசராலோடு கட்டிப்போடப்பட்டிருக்கின்றன. துகளைப் பிடிக்கத் தலை சும்மா இருக்க வேண்டுமே. தனி ஒலியிக் அமிலம்தான் வேண்டும்.

இந்த மேலாடை இல்லாமலும் சமாளிக்கலாம் என்று 1981-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே மஸ்ஸார் காட்டினார். துகள்களின் மேற்பரப்பில் ஒரே வகை மின்னேற்றம் இருந்தால் அவை தாமாகவே விலகி நிற்கும், தண்ணீரிலேயே மிதக்கும். நேர்த்தியான வேலைதான், ஆனால் அமில காரச் சமநிலை கொஞ்சம் பிசகினாலும் எல்லாம் கட்டிதட்டிவிடும். வீட்டு மேசைக்கு ஒலியிக் அமிலமே தோது.

அண்ணன்: இரும்புத்தூள் குழம்பு

டோனர் குழம்பைப் போலி என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை. அது வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது, அவ்வளவுதான். 1940-களின் இறுதியில் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனத்தில் ஜேக்கப் ராபினோ என்பவர் எண்ணெயில் மைக்ரான் அளவு இரும்புத்தூளைக் கலந்து, காந்தப் புலத்தால் பிடித்து விடுகிற கிளட்ச் ஒன்றைச் செய்தார். அந்தத் திரவம் காந்தத்துக்குக் கீழ்ப்படிவது வேறு விதத்தில். புலம் வந்ததும் துகள்கள் சங்கிலி சங்கிலியாகக் கைகோத்து நின்றுவிடும். குழம்பு சில மில்லி விநாடிகளில் கெட்டியாகி ஏறக்குறைய திடப்பொருளாகிவிடும். புலம் போனால் மீண்டும் ஓடும். 2002-இல் காடிலாக் செவில் காரில் இந்தத் திரவம் நிரப்பிய அதிர்வுதாங்கிகள் வந்தன. பள்ளத்துக்கு ஏற்ப கடினத்தை மாற்றிக்கொள்ளும் அதிர்வுதாங்கி.

அசல் காந்தத் திரவம் காந்தப் புலத்திலும் திரவமாகவே இருக்கும். இந்த அண்ணன் கெட்டியாகிவிடுவான். வித்தியாசத்தைக் கையால் உணர எளிய வழி: மெல்லிய இரும்புத்தூளை எண்ணெயில் கெட்டிக் குழம்பாகக் கலந்து, மூடி உள்ள தடித்த பிளாஸ்டிக் உறையில் அடைத்துக்கொள்ளுங்கள். விரலால் அமுக்கினால் வழுக்கிப் போகும். அடியில் காந்தத்தை வைத்து அமுக்கினால் களிமண் மாதிரி எதிர்த்து நிற்கும். காந்தத்தை எடுத்ததும் விரலுக்கு அடியில் அந்தக் கெட்டித்தனம் சட்டென்று கரைவது தெரியும். சிறுவர்களோடு செய்வதென்றால் என் தேர்வு இதுதான். எளிதில் தீப்பற்றும் மண்ணெண்ணெயோ நெடியோ இல்லை, கிடைக்கும் பாடமும் பொய்யில்லை.

டோனரைப் பற்றி இரண்டு வார்த்தை. எல்லா டோனரும் காந்தத்துக்கு வராது. வண்ண டோனர்களில் மேக்னடைட் பொதுவாக இல்லை, சில கறுப்பு டோனர்களில்தான் இருக்கும். காகிதத்தில் ஒரு சிட்டிகை வைத்து அடியில் காந்தத்தை ஆட்டினால் தெரிந்துவிடும். டோனர் அடிப்படையில் பிளாஸ்டிக் தூள். அதற்குள் மேக்னடைட் சிறைப்பட்டிருக்கிறது. காற்றில் பறந்தால் நுரையீரலுக்கு ஆகாது, ஆகவே முகக்கவசம் போட்டுக்கொண்டு மெதுவாகக் கொட்ட வேண்டும். சிந்தினால் சாதாரண வீட்டு வேக்குவம் கிளீனரை எடுக்காதீர்கள். தூள் வடிகட்டியைத் தாண்டி மீண்டும் அறைக்குள் வரும், மோட்டார் பொறியில் பற்றவும் கூடும். ஈரத்துணியால், அதுவும் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துத் துடைக்க வேண்டும். வெந்நீர் பட்டால் அந்தப் பிளாஸ்டிக் இளகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும். என் சட்டை ஒன்றின் கைப்பகுதி இதற்குச் சாட்சி.

தம்பி: கரைசலில் இருந்து பிறக்கும் துகள்

பாப்பெல் செய்தது மேலிருந்து கீழே: பெரிய துகளை அரைத்துச் சிறிதாக்கினார். வீட்டில் நாள்கணக்கில் குண்டு உருளை ஓட்ட யாருக்கும் பொறுமை இருக்காது. கீழிருந்து மேலே போகலாம்: கரைசலில் இருக்கும் இரும்பு அயனிகளை ஒன்றுசேர்த்து, 10 நானோமீட்டர் வளர்ந்ததும் நிறுத்திவிடுவது. வேதியியல் இதைத் தானாகவே செய்து கொடுக்கிறது.

மேக்னடைட்டில் இரண்டு வகை இரும்பு உண்டு. இரண்டு எலக்ட்ரான் இழந்த ஃபெரஸ் ஒரு பங்கு, மூன்று எலக்ட்ரான் இழந்த ஃபெரிக் இரண்டு பங்கு. இந்த 1-க்கு 2 விகிதத்தில் இரண்டையும் தண்ணீரில் கரைத்து, அம்மோனியா போன்ற காரத்தை நன்றாகக் கலக்கியபடி ஊற்றினால், கண் இமைக்கும் நேரத்தில் கறுப்பு வீழ்படிவு உண்டாகும். அதுதான் நானோ மேக்னடைட்.

ஃபெரிக் குளோரைடு கிடைப்பது எளிது. மின்சுற்றுப் பலகையில் தாமிரத்தை அரிக்கப் பயன்படுத்தும் பழுப்புக் கரைசல் அதுதான். ஏற்கெனவே பலகை அரித்துப் பழசானதை எடுக்க வேண்டாம், அதில் தாமிரம் கலந்திருக்கும். ஃபெரஸுக்கு ஒரு தந்திரம் இருக்கிறது. ஃபெரிக் கரைசலின் ஒரு பங்கில் தண்ணீர் சேர்த்து, எண்ணெய் போகக் கழுவிய சாதா இரும்பு நாரைப் போட்டால், இரும்பு கரைந்து ஃபெரிக்கை ஃபெரஸாக மாற்றும். பழுப்பு நிறம் மெல்ல மெல்லப் பச்சையாகும். இந்த நிறமாற்றமே ஒரு தனிச் சோதனைக்குச் சமம். பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத எஃகு நார் இதற்கு உதவாது. அதிலிருந்து குரோமியமும் நிக்கலும் கரைசலுக்குள் வந்துவிடும். கரைசல் சூடாகும், கொஞ்சம் ஹைட்ரஜனும் வெளிவரலாம். ஆகவே மூடி போட்டு அடைக்கக் கூடாது, பக்கத்தில் நெருப்பும் கூடாது.

இப்போது ஒரு சுவையான கணக்கு. இரண்டு ஃபெரிக்கோடு ஓர் இரும்பு அணு சேர்ந்து மூன்று ஃபெரஸைத் தருகிறது. ஆக ஒரு பங்கு ஃபெரிக்கை மாற்றினால் கிடைப்பது ஒன்றரைப் பங்கு ஃபெரஸ். அதற்கு இரு மடங்கு ஃபெரிக் வேண்டும் என்றால் மூன்று பங்கு ஃபெரிக் கரைசல் சேர்க்க வேண்டும். ஆனால் புழக்கத்தில் இருக்கும் வீட்டுச் செய்முறைகளில் இரண்டு பங்குதான் சேர்க்கச் சொல்கிறார்கள். எழுதியவர் கணக்கில் கோட்டை விட்டுவிட்டார் என்று நானும் முதலில் நினைத்து, மூன்று பங்கு ஊற்றினேன். வந்தது கறுப்பு இல்லை, துரு நிறத்தில் ஒரு கூழ். காந்தம் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. காற்றை நான் மறந்துவிட்டிருந்தேன். வடிகட்டும்போதும் கலக்கும்போதும் காற்றில் உள்ள ஆக்சிஜன் ஃபெரஸில் ஒரு பகுதியை மீண்டும் ஃபெரிக்காக மாற்றிவிடுகிறது. பச்சைக் கரைசலை ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் ஓரத்தில் மஞ்சள் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குறைவாக ஊற்றச் சொன்னதற்குக் காரணம் அதுதான்: காற்று எடுத்துக்கொள்ளப் போகும் பங்கை முன்கூட்டியே கழித்திருக்கிறார்கள். வீழ்படிவு பழுப்பாக வந்தால் ஃபெரிக் கூடிவிட்டது, பச்சை கலந்து வந்தால் ஃபெரஸ் கூடிவிட்டது. நிறமே விடைத்தாள்.

அம்மோனியா ஊற்றும் வேலையை வீட்டுக்கு வெளியே, காற்று வீசி வரும் பக்கமாக நின்று, ஆவி முகத்தில் படாமல் செய்ய வேண்டும். நறுமணமோ சலவைப்பொருளோ கலக்காத அம்மோனியாவாக இருக்கட்டும். குளோரின் வெளுப்பான் இருக்கும் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லையென்றால் சோதனையே வேண்டாம். ஃபெரிக் குளோரைடு கண்ணுக்கு ஆபத்து, உலோகத் தொட்டியை அரிக்கும், தரையில் பட்ட கறை போகாது. பெரியவர் ஒருவர் கூடவே நிற்காமல் பிள்ளைகள் இந்தப் பகுதியைத் தொடக் கூடாது. கலக்குவதற்குக் கண்ணாடிக் கம்பி போதும். ஆய்வகங்களில் இருக்கும் காந்தக் கலக்கியை இரவல் வாங்கி வந்த ஒருவரைத் தெரியும். செய்த சரக்கெல்லாம் கலக்கியின் காந்தக் கம்பிமேல் போய் உட்கார்ந்துகொண்டது. சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்து வருவதுதான் முழுச் சோதனையிலும் எனக்கு மிகப் பிடித்த கட்டம். கறுப்புக் கலவையில் ஒலியிக் அமிலத்தைச் சொட்டினால் அது அம்மோனியாவோடு சேர்ந்து ஒரு வகைச் சோப்பாகி, தண்ணீரில் பரவித் துகள்களைத் தேடிப் போகும். பிறகு திறந்தவெளியில், மின்சார அடுப்பில், கொதிக்கவிடாமல் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைத்துக் கலக்கிக்கொண்டிருக்க வேண்டும். அம்மோனியா ஆவியாகிப் போகப்போக, ஒலியிக் அமிலம் மட்டும் துகளின் மேல் தங்கிவிடும். அதுவரை தண்ணீரோடு ஒத்துப்போன கறுப்புத் துகள்கள் இப்போது எண்ணெய் ஆடை அணிந்துவிட்டதால் தண்ணீரை வெறுக்க ஆரம்பிக்கும். மசி போல இருந்த கலவை திரிந்த பால் மாதிரி பிரியும். அடியில் தார் போன்ற பிசுபிசுப்பான கறுப்பு உருண்டைகள், மேலே தெளிந்த தண்ணீர். அந்தத் தெளிவைப் பார்த்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது என்று அர்த்தம்.

ஆறவிட்டு, பாத்திரத்துக்கு அடியில் காந்தத்தைப் பிடித்தபடி தண்ணீரை வடித்து, புதிய தண்ணீர் ஊற்றிச் சில முறை அலச வேண்டும். நன்றாக ஆறிய பிறகு, அடுப்பெல்லாம் அணைத்த பிறகு, கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிக் குச்சியால் பிசைந்தால் உருண்டைகள் கரைந்து அதற்குள் போய்விடும். மண்ணெண்ணெயைச் சூடாக்கும் பேச்சே இருக்கக் கூடாது. கரையாமல் மிஞ்சும் கட்டிகள் மேலாடை கிடைக்காதவை. வலுவான காந்தத்தை வைத்துச் சில மணி நேரம் விட்டால் அவை அடியில் படியும், மேலே நிற்கும் கறுப்பை மட்டும் வேறு புட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். அலசிய தண்ணீரையும் மிச்சத்தையும் தொட்டியில் கொட்டாமல், அபாயகரமான கழிவுகளைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் சேர்க்க வேண்டும்.

முள் ஏன் முளைக்கிறது?

இவ்வளவு பாடுபட்டும் முதல் தடவை முட்கள் வராமல் போகலாம். காந்தத்தைக் கொண்டுவந்தால் திரவம் வழுவழுப்பான ஒரு மேடாக மட்டும் எழும்பும். ஏமாற வேண்டாம். எண்ணெயும் கூட வந்திருந்தால் அது அசல் காந்தத் திரவம்தான். குறைந்தது செறிவு.

காந்தத் திரவத்தின் மேற்பரப்பில் தற்செயலாக ஒரு சின்னப் புடைப்பு உண்டாவதாக வைத்துக்கொள்வோம். காந்தக் கோடுகள் அந்தப் புடைப்பின் நுனியில் நெருங்கும். நெருங்கினால் அங்கே இழுப்பு கூடும், இழுப்பு கூடினால் புடைப்பு இன்னும் வளரும். அதைக் கீழே இழுக்கப் புவியீர்ப்பும், மேற்பரப்பைத் தட்டையாக வைத்திருக்கப் பரப்பு இழுவிசையும் போராடும். புலம் குறைவாக இருக்கும்வரை இந்த இரண்டின் கை ஓங்கியிருக்கும், பரப்பு கண்ணாடி போலத் தட்டையாகக் கிடக்கும். புலம் ஓர் எல்லையைத் தாண்டிய கணத்தில் எல்லாப் புடைப்புகளும் ஒரே நேரத்தில் வெற்றிபெற்று முட்களாகின்றன. 1967-இல் கௌலியும் ரோசன்ஸ்வைக்கும் இதை ஆராய்ந்து விளக்கினார்கள். சீரான புலத்தில் முட்கள் தேன்கூடு போல அறுகோண வரிசையில் நிற்கும். அந்த எல்லையில் முட்களுக்கு இடையிலான தூரத்தைக் காந்தம் தீர்மானிப்பதில்லை, திரவத்தின் அடர்த்தியும் பரப்பு இழுவிசையும்தான் தீர்மானிக்கின்றன. வழக்கமான எண்ணெய்வழித் திரவத்துக்குக் கணக்குப் போட்டால் 9 மி.மீ. அளவில் வருகிறது.

அந்த எல்லையைத் தொட வேண்டுமென்றால் திரவத்தில் போதிய மேக்னடைட் இருக்க வேண்டும். கடையில் வாங்கும் திரவத்தில் கன அளவில் சுமார் 5 சதவீதம் காந்தத் துகள், 10 சதவீதம் மேலாடைப் பொருள், மீதி எண்ணெய். வீட்டில் செய்தது பெரும்பாலும் இதைவிட நீர்த்திருக்கும். மண்ணெண்ணெயைக் கஞ்சத்தனமாக ஊற்றுங்கள், கூடிவிட்டால் நெருப்பில்லாத திறந்தவெளியில் அகலத் தட்டில் வைத்துத் தானாக ஆவியாகவிடுங்கள்.

டோனர் குழம்பின் "முடி"யையும் இந்த முள்ளையும் பிரித்தறிய இதுவே வழி. காந்தத்தை ஒரு சாண் தூரத்திலிருந்து மெல்ல, மிக மெல்லக் கொண்டுவாருங்கள். குழம்பில் முடிகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிலிர்க்கும், சொரசொரப்பாக இருக்கும், காந்தத்தை எடுத்தாலும் பாதி அப்படியே நிற்கும். அசல் திரவத்தில் எதுவும் நடக்காமல் இருந்து, ஒரே கணத்தில் பளபளவென்று முட்கள் எழும்பும். விலக்கினால் சுவடில்லாமல் மறையும். ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி நிலைக்காந்தம்தான். ஆனால் புலம் போன மறுகணம் மூலக்கூறுகளின் மோதல் அவற்றைத் திக்குக்கொன்றாகத் திருப்பிவிடுகிறது. ஆகவே மொத்தத் திரவத்துக்கு நினைவு எதுவும் மிஞ்சாது. நினைவு மிஞ்சுகிற, தானே நிலைக்காந்தமாக நிற்கிற திரவத் துளிகளை 2019-இல் தாமஸ் ரஸ்ஸலின் குழுவினர் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் செய்தார்கள். துளியின் மேற்பரப்பில் நானோ துகள்களை அசையவிடாமல் நெருக்கிப் பூட்டியதால் அது சாத்தியமாயிற்று.

காந்தத்தைக் கையாள்வதில் ஒரு விதி: திரவத்தை அது நேரடியாகத் தொடவே கூடாது. தொட்டால் துடைத்து எடுக்க முடியாது, துடைக்கத் துடைக்க மறுபக்கம் ஓடும். பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டிவிட்டுப் பிறகு பக்கத்தில் கொண்டுவாருங்கள். வலுவான நியோடிமியம் காந்தங்கள் விரலை நசுக்கும். சின்னதாக இருந்தால் குழந்தைகள் விழுங்கிவிடும், இரண்டை விழுங்கினால் குடல் சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சோதனை முடிந்ததும் எண்ணி எடுத்து வையுங்கள்.

இந்தத் திரவம் வேலைக்கும் போகிறது. ஒலிபெருக்கிச் சுருளின் இடுக்கில் ஊற்றினால் காந்தமே அதை அங்கே பிடித்துவைக்கும், அது சுருளின் சூட்டைக் கடத்தும். வெற்றிட அறைக்குள் சுழலும் தண்டு நுழையும் இடத்தில் தேய்மானமில்லாத அடைப்பாக நிற்கும். மேசையில் நடக்கும் சோதனை மேசையோடு நின்றுவிட வேண்டியதும் இல்லை. 2019-இல் கூகுள் அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய அயர்லாந்து மாணவர் ஃபியன் ஃபெரேரா, எண்ணெயையும் மேக்னடைட் தூளையும் கலந்து தண்ணீரில் உள்ள நுண்பிளாஸ்டிக்கைப் பிடித்தார். பிளாஸ்டிக் எண்ணெயோடு ஒட்டும், எண்ணெய் மேக்னடைட்டோடு ஒட்டும், காந்தம் மூன்றையும் சேர்த்து வெளியே எடுக்கும். நுண்ணிய மேலாடை, நானோமீட்டர் என்று நான் இவ்வளவு நேரம் அடித்த கறார்ப் பேச்சு எதுவும் அங்கே தேவைப்படவில்லை. எண்ணெய் கூட வந்தால் போதும் என்பதே அவருடைய முழுத் திட்டமும்.

என் அலமாரியில் இரண்டு சின்னக் கண்ணாடிப் புட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் டோனர் குழம்பு: மேலே தேன் நிறத்தில் தெளிந்த எண்ணெய், அடியில் குலுக்கினாலும் அசையாத கறுப்பு அடை. மற்றதில் நாலாவது முயற்சியில் கிடைத்த திரவம்: மேலிருந்து கீழ்வரை ஒரே கறுப்பு, புட்டியின் சுவரெல்லாம் பழுப்புக் கறை. காந்தத்தை வெளியே வைத்து மேலே இழுத்தால் ஒன்பது முட்கள் வருகின்றன. பத்தாவது வரும்போல எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறது.